கத்தியா, ரேசரா? சவரம் பற்றிய உங்கள் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் 31 ஆண்டுகளாக முடிதிருத்தும் கடை நடத்தி வருகிறேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் பலகை போட்டு உட்காரவைத்துச் சவரம் செய்வார். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிடிக்குள் மடங்கும் மடக்குக் கத்தியையும், பிளேடு மாற்றிப் போடும் சேஃப்டி ரேசரையும் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வயது 23. மடக்குக் கத்தியில் சவரம் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. நண்பர்கள் சேஃப்டி ரேசரே போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

சேஃப்டி ரேசரை வாங்குங்கள், தம்பி. கத்தியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பதமாகத் தீட்டிய கத்தி தரும் வழவழப்பே தனி. ஆனால் கத்தியை வாங்கினால் அதோடு கத்தியைப் பதப்படுத்தும் தோல்வார், தீட்டும் கல், தினமும் கொஞ்ச நேரம் எல்லாம் சேர்ந்து வரும். ரேசரில் கூர்மைக்குப் பிளேடு செய்தவன் பொறுப்பு. கத்தியில் நீங்கள்தான் பொறுப்பு. இந்தப் பொறுப்பை ஏற்க முடியுமா என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உளியைத் தீட்டாமல் நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போனதுண்டா என்று. மழுங்கிய உளி பட்டையைச் சீவாது, பிய்க்கும். கையை அழுத்தினால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் மறுபட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். முகத்துக்கும் இதே கணக்குதான். கத்தியால் வெட்டுப்பட்டு வருகிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் கத்தி மழுங்கியிருக்கும், அதனால் அழுத்தியிருப்பார்கள்.

அப்பா தோல்வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இடது கையில் இழுத்துப் பிடிப்பார். கத்தியைப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே இழுபட, தொய்வில்லாமல் ஓட்டுவார். முனைக்கு வந்ததும் கத்தி முதுகின் மேலேயே புரளும். கூர் பக்கம் ஒருபோதும் தோலைக் குத்தாது. தொடக்கத்தில் சரசரவென்று கேட்கும் சத்தம், நாற்பது ஐம்பது இழுப்புக்குப் பிறகு மெத்தென்று அடங்கும். அப்போது முன்கை முடியில் லேசாக வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் இவ்வளவும் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை கல்லிலும் தீட்ட வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு மகிழ்ச்சியான வேலையாகப் படுகிறது என்றால், ஆறு மாதம் ரேசரில் கை பழகிய பிறகு கத்தி வாங்குங்கள். நானே கற்றுத் தருகிறேன்.

ரேசரில் சவரம் செய்தாலும் எனக்கு எரிச்சல் எடுக்கிறது. பிளேடைக் குற்றம் சொல்லலாமா?

முதலில் கையைக் கவனியுங்கள். சேஃப்டி ரேசரின் எடையே போதும், அழுத்தக் கூடாது. தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறத்தாழ 30 டிகிரி சாய்வு இருக்கட்டும். அதற்கும் முன்னால், உலர்ந்த தாடியை விரலால் தடவி முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கும், சிலருக்கு மேல்நோக்கியும் இருக்கும். அது தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே திசையில் இழுத்தால் எரியத்தான் செய்யும். குளித்தவுடன், நுரையை நன்றாகக் குழைத்துத் தடவி, முடி படியும் திசையிலேயே இழுத்துப் பழகுங்கள்.

ஒரு பிளேடு ஐந்து முதல் ஏழு சவரத்துக்குத் தாங்கும். முடி முரடாக இருந்தால் மூன்றோடு மாற்றிவிடுங்கள்.

தாடி சுருட்டை. சவரம் செய்த மறுநாளே கழுத்தில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. ஐந்து பிளேடு வைத்த ரேசர்தான் பயன்படுத்துகிறேன்.

அதை முதலில் நிறுத்துங்கள். பல பிளேடு ரேசர் முடியைத் தோலுக்குக் கீழே போகும் அளவுக்கு ஒட்ட வெட்டிவிடுகிறது. நேர்முடி அப்படியே மேலே வந்துவிடும். சுருட்டை முடியோ வளைந்து தோலுக்குள்ளேயே வளர்கிறது. கொப்புளமாகத் தெரிவது அதுதான். ஒற்றை பிளேடு போதும், அது கத்தியானாலும் ரேசரானாலும் சரி. தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், முடி படியும் திசைக்கு எதிராக இழுக்கும் எதிர்ச்சவரம் வேண்டாம். கொஞ்சம் முடி தெரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். சீழ் பிடித்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

தாத்தாவின் பெட்டியில் 'ஷெஃபீல்டு' என்று பொறித்த பழைய கத்தி கிடைத்தது. பயன்படுத்தலாமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் சவரக் கத்திக்குப் பேர்போன ஊர்கள். நல்ல எஃகாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடல் பகுதியில் கறை இருந்தால் கவலை இல்லை. கூர் ஓரத்தில் துருக்குழியோ மயிரிழை விரிசலோ இருந்தால் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பசாரில் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், பிறகு எந்தக் கல்லாலும் மீட்க முடியாது. தட்டையான கல்லில் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் படியும்படி வைத்துத்தான் தீட்ட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் கார்பன் எஃகு வேகமாகத் துருப்பிடிக்கும். துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.

கடையில் நீங்கள் பிடிப்பதும் மடக்குக் கத்திதானே?

வடிவம் மட்டும்தான் அது. சேஃப்டி ரேசர் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி அது. இதற்கு ஜில்லட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். கிங் கேம்ப் ஜில்லட் என்ற அமெரிக்கர், தேய்ந்ததும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடு போட்ட ரேசரை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்கள். அடுத்த ஆண்டே 90,000க்கு மேல்.

என் கடையில் ஆளுக்கொரு புதுப் பிளேடு, உங்கள் கண் முன்னால் உறை பிரித்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். ஒரே கத்தியைத் துணியால் துடைத்து அடுத்தவர் முகத்தில் வைப்பது பெரிய தவறு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் குழந்தைக்கு மொட்டை போடும்போதும், "புதுப் பிளேடு போடுங்கள் அண்ணே" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விமானத்தில் ரேசரைக் கைப்பையில் கொண்டு போகலாமா?

பிளேடு கூடாது, மடக்குக் கத்தியும் கூடாது. இரண்டையும் பெட்டியில் போட்டு ஏற்றிவிடுங்கள்.

தாத்தாவுக்கு 81 வயது, கை நடுங்குகிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் சவரம் செய்யாமல் கோயிலுக்குப் போக மாட்டேன் என்கிறார். நான் செய்துவிடலாமா? பேத்தி நான்.

தாராளமாகச் செய்துவிடுங்கள், அம்மா. கத்தியைத் தொடவே வேண்டாம். சேஃப்டி ரேசரும் வேண்டாம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறலும் நின்று நின்று கசியும். மின்சார ரேசர்தான் அவருக்கு ஏற்றது. முன்பு சொன்ன ஒற்றை பிளேடு நியாயத்தை இங்கே பார்க்காதீர்கள்.

வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போடுங்கள். தலை சாய்ந்துகொள்ள முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள். வயதானவர்களுக்குத் தாடைக்குக் கீழே தோல் தொங்கியிருக்கும். இடது கை விரலால் மெல்ல மேலே நீவி, மடிப்பு விரிந்த பிறகு ரேசரை ஓட்டுங்கள். வாயோரத்தில் அவரையே கன்னத்தை உப்பச் சொல்லுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் சொல்லத் தலையைத் திருப்புவார்.

பழைய பிளேடுகளை எங்கே போடுவது?

காலியான பால் டின் ஒன்றை எடுத்து, மூடி முழுவதையும் வெட்டாமல் பிளேடு நுழையும் அளவு கீறல் மட்டும் போடுங்கள். நிரம்பியதும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று மலாயிலும் தமிழிலும் எழுதிக் குப்பையில் வையுங்கள். குப்பை அள்ளுகிறவர் பையைக் கையால்தான் தூக்குகிறார்.