150ஆவது கேள்விக்குப் பிறகு

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவில் நர்ஸாக வேலை செய்ய உரிமம் தரும் என்க்ளெக்ஸ் தேர்வில் தேறவில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "150 கேள்வியும் வந்தது மேடம். ஒவ்வொன்றையும் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் வார்டில் நிற்கிறார்கள். நான் நர்ஸாக லாயக்கில்லாதவள் என்றே தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரிப்போர்ட் வந்து மூன்று வாரமாகியும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்றும், மறுதேர்வுக்குக் காத்திருக்க வேண்டிய 45 நாள் முடிந்த கையோடு மறுபடி எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேதியைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தக் "குத்துமதிப்பாக" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் சந்தேகம் முளைத்ததே அங்கேதான்.

என்க்ளெக்ஸ் நீங்கள் கல்லூரியில் எழுதிப் பழகிய பரீட்சை மாதிரி கிடையாது. 1994 முதல் அது எழுதுபவரின் விடைக்கேற்ப மாறிக்கொண்டே போகும் கணினித் தேர்வு. சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும், தவறினால் சற்று இறங்கும். நீங்கள் சரியாகப் போடுவதற்கு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிற கேள்வியாகத்தான் கணினி தேடி எடுக்கிறது. அதனால் நன்றாகத் தேர்ச்சி பெறுகிறவருக்கும் பாதிக் கேள்விகள் கைநழுவிப் போவது போலவே இருக்கும். செமஸ்டர் தேர்வுகளில் 90 வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த உணர்வு புதிது. "எனக்கு எதுவுமே தெரியவில்லை" என்று அது மொழிபெயர்த்துக்கொள்கிறது. அறையை விட்டு அழுதுகொண்டே வெளியே வந்து, இரண்டு நாள் கழித்துத் தேர்ச்சி என்று தெரிந்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் குத்துமதிப்பாகத்தான் போட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்து, அந்த 150. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அதில் 15 கேள்விகள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை, மதிப்பெண்ணில் சேராது. 85க்குப் பிறகு, நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று கணினிக்கு 95 விழுக்காடு உறுதி வந்துவிட்டால் தேர்வு அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு நிற்கவில்லை. கடைசிக் கேள்வி வரை அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதாவது நீங்கள் கோட்டை ஒட்டியே நின்றுகொண்டிருந்தீர்கள், முடிவில் அதன் கீழ்ப்பக்கம் அமைந்துவிட்டது. தோல்வி தோல்விதான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் "லாயக்கில்லாதவள்" என்று அந்தக் கணினிகூடச் சொல்லவில்லை.

(85இலேயே நின்று தோற்றவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டுக்கும் உங்களுக்கும் இடைவெளி கொஞ்சம் அதிகம், ஆகவே காலமும் கொஞ்சம் அதிகம் வேண்டும். அவ்வளவே அதன் பொருள்.)

இனி அந்த ரிப்போர்ட். கேண்டிடேட் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் தேர்ச்சி பெறாதவர்களுக்கு மட்டுமே தரப்படுவது. அதில் மதிப்பெண் எதுவும் இருக்காது. எட்டுப் பாடப்பகுதிகளின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்ற மூன்றில் ஒன்றும் இருக்கும். நீங்கள் திறக்கப் பயப்படுவது புரிகிறது. ஆனால் இந்த மூன்று வாரமாக உங்களை நீங்களே மதிப்பிட்டுக்கொண்டிருப்பது, அழுத கண்ணோடு வீட்டுக்கு வந்த ஒரு பிற்பகலின் நினைவை வைத்து. அதைவிட அந்தத் தாள் உங்கள் மேல் இரக்கமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ராத்திரியில் தனியாக, போனில் திறக்காதீர்கள். பகலில், மேசையில் உட்கார்ந்து, அச்செடுத்து, பென்சிலோடு பாருங்கள். "கீழே" என்றிருப்பவற்றை வட்டமிடுங்கள். முக்கியமாக மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் (நோயாளிகளின் கவனிப்பை ஒழுங்குபடுத்துவது), மருந்தியல் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தேர்வில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான். கோட்டுக்கு மேலே இருக்கும் பகுதிகளைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள், அவற்றையும் உரக்கப் படியுங்கள்.

ரிப்போர்ட் எந்தப் பகுதி என்று காட்டும், ஏன் என்று காட்டாது. அந்த "ஏன்" உங்கள் பயிற்சிக் கேள்விகளில்தான் கிடைக்கும்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பார்த்தேன். ஷிஃப்ட் ரிப்போர்ட் முடிந்திருக்கிறது, நான்கு நோயாளிகள், முதலில் யாரிடம் போவீர்கள்? ஒருவர் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, ஆக்சிஜன் அளவு 90. ஒருவர் இடுப்பு அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி 10க்கு 7. ஒருவர் காலையில் தைராய்டு அகற்றப்பட்டவர், மூச்சை இழுக்கும்போது கரகரவென்று கீச்சுச் சத்தம். நான்காமவர் சர்க்கரை நோயாளி, அளவு 210. அவள் சட்டென்று மூன்றாவதைத் தொட்டாள். பிறகு விரலை எடுத்தாள். மேலே போய் அந்த 90ஐப் பார்த்தாள். சிஓபிடிக்கு மாற்றிவிட்டாள்.

தவறு என்று வந்ததும் "பாருங்க மேடம், எனக்குத் தெரியல" என்றாள். சிஓபிடி நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் இருந்தால் போதும் என்று கேட்டேன். 88 முதல் 92 வரை என்று தயங்காமல் சொன்னாள். தைராய்டு எடுத்தவருக்கு அந்தச் சத்தம் வந்தால்? "கழுத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம், வீக்கமாக இருக்கலாம், மூச்சுப்பாதை அடைபடுகிறது, நிமிஷக் கணக்குதான்" என்றாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எண்ணைப் பார்த்துப் பயந்து, கையிலிருந்த சரியான விடையைக் கீழே போட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவளை ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒவ்வொரு தவறுக்கும் பாடத்தை எழுத வேண்டாம், காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். உண்மையிலேயே தெரியவில்லையா? தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தீர்களா? சரியானதைத் தொட்டுவிட்டு மாற்றினீர்களா? அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் வாரத் தவறுகளில் "தெரியவில்லை" என்பது பாதிகூட இல்லை. அதை அவளே எண்ணிப் பார்த்தபோது முகம் மாறியதை நான் மறக்கவில்லை. "நீ கெட்டிக்காரி" என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். தன் கையெழுத்தை நம்பினாள்.

விடையை மாற்றவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கவனிக்காத ஒரு அறிகுறி இப்போது கண்ணில் பட்டால் தாராளமாக மாற்றுங்கள். புதிதாக எதுவும் கண்ணில் படாமல் வயிற்றில் மட்டும் கலக்கம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாத தேர்வு இது, ஆகவே இந்தக் கட்டுப்பாட்டை வீட்டிலேயே பழக வேண்டும். பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளிலும் பயத்துக்கு ஒரு விலை உண்டு. 2023 ஏப்ரல் 1இல் வந்த புதிய வடிவத்தில் அவற்றுக்குப் பகுதி மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் தவறாகத் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும், பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் போகாது. "எதற்கும் இதையும் போட்டு வைப்போம்" என்று தொடும் ஒன்று, உறுதியாகத் தெரிந்து போட்டதில் கிடைத்ததைத் தின்றுவிடும்.

இன்னொன்று. "புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது, கேள்வி போட்டால் எல்லாம் மறந்துவிட்டது போல் இருக்கிறது, அதனால் திரும்பப் புத்தகத்துக்கே போய்விடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு தடவை படித்தவர்களே. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பத் திரும்பப் படிப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி போடும்போது வரும் தடுமாற்றம் பாடம் உள்ளே இறங்குவதன் அடையாளம். அதைக் கண்டு ஓடினால் நல்ல வழியை விட்டு ஓடுகிறீர்கள்.

அதற்காக நான்கைந்து கேள்வி வங்கிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒன்று போதும். ஒரு நாளைக்கு 50 கேள்வி போட்டு, சரியானவை உட்பட ஒவ்வொன்றின் விளக்கத்தையும் படிப்பது, 200 போட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் பார்த்து அழுவதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது தேதி. 45 நாள் என்பது குறைந்தபட்ச இடைவெளி, அதற்குள் முடிக்க வேண்டிய கெடு கிடையாது. ஓர் ஆண்டில் 8 முறை வரை எழுத, இந்தத் தேர்வை உருவாக்கும் அமைப்பான என்சிஎஸ்பிஎன் அனுமதிக்கிறது. ஆனால் சில மாநிலங்கள் தாங்களாகவே வரம்பு வைத்திருக்கின்றன, உங்கள் மாநில நர்சிங் போர்டின் விதியை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூவில் 200 டாலர் மறுபடி கட்ட வேண்டும், தேர்வு எழுத அனுமதிக் கடிதமும் புதிதாக வர வேண்டும். அவமானத்தைச் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும் என்பதற்காக மட்டும் தேதி வாங்காதீர்கள். மறுமுறை எழுதுகிறவர்களின் தேர்ச்சி விகிதம் முதல்முறை எழுதுகிறவர்களைவிடக் குறைவு என்பது உண்மை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பலர் முதல்முறை படித்த அதே முறையில், இன்னும் அதிக பயத்தோடு படித்துவிட்டுப் போய் உட்காருகிறார்கள் என்று நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களைப் போல் கோட்டை ஒட்டி நின்றவருக்கு எட்டிலிருந்து பத்து வாரம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. நாள்காட்டியைவிட நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். "மாற்றினேன்", "தப்பாகப் படித்தேன்" என்ற வரிகள் அரிதாகிவிட்டால் தேதி வாங்கலாம். அதே சமயம் காலவரையின்றித் தள்ளிப்போடவும் வேண்டாம். நன்றாகத் தயாராகிவிட்டேன் என்ற உணர்வு வரட்டும் என்று காத்திருந்தால், அது வராமலே போகலாம்.

தோழிகளின் வாட்ஸ்அப் குழுவைத் தேர்வு முடியும்வரை மியூட் செய்துவிடுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள். தேர்வு முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் பார்த்து, வரும் செய்தியை வைத்து முடிவை ஊகிக்கும் வித்தையைச் சொல்லித் தருவார்கள். அது அதிகாரபூர்வமானதல்ல, செய்யாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு வேலை நாளில் சிறு கட்டணத்துக்கு அதிகாரபூர்வமற்ற முடிவைப் பியர்சன் வியூவே தருகிறது.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், டாக்டரைப் பாருங்கள். தேர்வறையில் மூச்சுத்திணறி உறைந்து போகிறீர்கள் என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. முறையான மருத்துவச் சான்று இருந்தால் கூடுதல் வசதி கேட்டு முன்கூட்டியே போர்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் அமெரிக்காவின் நெருக்கடி உதவி எண்ணான 988ஐ அழையுங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். ஒரு நோயாளிக்கு இதைச் சொல்ல நீங்கள் தயங்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தின் அடியில் உங்கள் அம்மா இரண்டு வரி எழுதியிருந்தார்கள். "என்ன சொல்லித் தேற்றுவது என்றே தெரியவில்லை மேடம்" என்று. இது அவர்களுக்கு.

அம்மா, நீங்கள் தேற்ற வேண்டியதில்லை. ஊரிலிருந்து போன் வந்து "பொண்ணு வேலைக்குச் சேர்ந்தாச்சா?" என்று கேட்டால், "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று ஒரே சொல்லில் முடித்து வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவள் பக்கத்து அறையில் இருந்து நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். லைசென்ஸில் எத்தனையாவது முறை தேறினாள் என்று யாரும் அச்சடிப்பதில்லை, நீங்களும் எண்ண வேண்டாம். காலையில் அவள் கேள்வி போடும் இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்குக் கூப்பிடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. தேர்வு நாளில் காரில் காத்திருப்பீர்கள். ஐந்து மணி நேரம்வரை ஆகலாம், சீக்கிரமும் வந்துவிடலாம், இரண்டிலிருந்தும் எதையும் ஊகிக்க முடியாது. வெளியே வந்ததும் எத்தனை கேள்வி வந்தது என்று கேட்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, வண்டியை எடுங்கள்.