கிளாஸா, காம்போவா? உடைந்த போன் திரை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: போன் கீழே விழுந்ததில் மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. டச் நன்றாக வேலை செய்கிறது. ஒரு கடையில் ‘கிளாஸ் மட்டும் மாத்தலாம்’ என்கிறார்கள். பக்கத்துக் கடையில் ‘காம்போதான் போடணும்’ என்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகர், தஞ்சாவூர்

போன் எந்த மாடல் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

நாம் ‘ஸ்க்ரீன்’ என்று சொல்வது ஒரே பொருள் அல்ல. மேலே கண்ணாடி, அதன் கீழே விரலை உணரும் டச், அதற்கும் கீழே படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே. இவற்றுக்கு நடுவே காற்று புகாதபடி ‘ஓசிஏ’ என்ற தெளிவான பசைத் தாள் இருக்கும். மூன்றும் ஒட்டிய நிலையில் வருவதைத்தான் கடைக்காரர்கள் காம்போ என்கிறார்கள். இப்போதைய போன்கள் பலவற்றில் டச் தனி அடுக்காக இல்லாமல் டிஸ்ப்ளேவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

முதலில் எது உடைந்தது என்று நீங்களே பாருங்கள். வெள்ளைப் படம் ஒன்றை முழுத் திரையில் திறந்தால் கறுப்புத் திட்டு, கோடு, மை சிந்தியது போன்ற கறை தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்ப்ளே போய்விட்டது, கிளாஸ் மாற்றிப் பயனில்லை. டச்சைச் சோதிக்க, ஏதாவது ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க மூலைமூலையாக இழுத்துப் பாருங்கள். எங்காவது விரலிலிருந்து நழுவினால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது. சாம்சங் போனில் *#0*# என்றும், ஷாவ்மி, ரெட்மி போன்களில் *#*#6484#*#* என்றும் டயல் செய்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பக்கமே திறக்கும்.

இரண்டும் நன்றாக இருந்தால் கிளாஸ் மட்டும் மாற்ற முடியும். ஆனால் அது ஸ்க்ரூ டிரைவர் வேலை அல்ல. சுமார் 80 டிகிரி சூடான தட்டில் வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியால் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேவுக்கும் நடுவே அறுக்க வேண்டும். பழைய பசையைத் துடைத்து, புது ஓசிஏ தாள் வைத்து, வெற்றிடத்தில் அழுத்தும் லேமினேஷன் மெஷினில் ஒட்டி, குமிழி நீக்கும் மெஷினிலும் வைத்து எடுக்க வேண்டும். இந்த மெஷின்கள் கடையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் போனை வேறு இடத்துக்கு அனுப்பித்தான் செய்து வாங்குவார்கள்.

குறைந்த விலை எல்சிடி போன் (பின்னால் இருக்கும் விளக்கால் படம் தெரியும் திரை) என்றால் காம்போ போட்டுக்கொள்வதே நல்லது. கிளாஸ் மாற்றும் கூலிக்கும் காம்போ விலைக்கும் வித்தியாசம் குறைவு. டிஸ்ப்ளேவே பாதிப் போன் விலை ஆகிற அமோலெட் (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) என்றால் கிளாஸ் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அமோலெட் மெல்லியது. கம்பி கொஞ்சம் தவறினாலும் பச்சைக் கோடு விழும். ஓரம் வளைந்த திரையில் ஆபத்து இன்னும் அதிகம். ‘வேலை நடுவில் டிஸ்ப்ளே போனால் யார் பொறுப்பு?’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கடையை மாற்றுங்கள்.

கேள்வி: விரிசலுக்கு மேலேயே டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டு ஓட்டலாமா?
– வாசகி, தேனி

விரலில் சில்லு ஏறாமல் தடுக்கும், அவ்வளவுதான். அமோலெட் என்றால் காலம் கடத்தாதீர்கள். விரிசல் வழியே ஈரமும் காற்றும் புகுந்தால் கறுப்புப் புள்ளி நாளுக்கு நாள் பெரிதாகும். வளைந்த திரைக்கு ஒட்டும் யூவி கிளாஸ் வேண்டவே வேண்டாம். அதன் திரவப் பசை விரிசல் வழியாக உள்ளேயும், காது ஸ்பீக்கர் துளையிலும் இறங்கிவிடும்.

கேள்வி: திரை முழுக்கக் கறுப்பு. ஆனால் போன் வந்தால் மணி அடிக்கிறது. குழந்தையின் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பேக்கப் எடுத்ததில்லை. என்ன செய்வது?
– வாசகி, நாமக்கல்

முதல் வேலை, போனை அணைக்காதீர்கள், சார்ஜ் தீரவும் விடாதீர்கள். ஒருமுறை அணைந்து எழுந்தால் கைரேகை மட்டும் போதாது, திரைப் பூட்டைத் திறக்கும் ‘பின்’ (PIN) நம்பரைக் கட்டாயம் கேட்கும். திரை தெரியாமல் அதை அடிப்பது பெரும்பாடு.

இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்சிடி போனில் படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. அப்படியானால் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து வேலையை முடித்துக்கொள்ளலாம். படம் தெரிந்து டச் மட்டும் செத்தவர்களுக்கு வழி இன்னும் எளிது. போனின் சார்ஜ் துளையில் மாட்டும் ஓடிஜி கனெக்டரில் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே எல்லாம் செய்யலாம். சில கம்பெனி போன்களில் மட்டும் செட்டிங்ஸில் ஓடிஜியை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும்.

உங்கள் போனில் எதுவுமே தெரியவில்லை என்றால், அது டிவிக்குப் படம் அனுப்பும் வகையா என்று பாருங்கள். சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் வரிசைப் போன்கள் பலவற்றில் டைப்-சி துளையிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியில் படம் வரும். ஹப் ஒன்றில் மவுஸையும் சேர்த்துச் செருகினால் பாதி வேலை முடிந்தது. குறைந்த விலைப் போன்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

அதுவும் இல்லை என்றால், தெரிந்த கடையில் போய், ‘செக்கிங் டிஸ்ப்ளே போட்டு டேட்டா எடுத்துக் கொடுங்க’ என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்கான டிஸ்ப்ளேவை ஒட்டாமல், கனெக்டரில் மட்டும் மாட்டித் திரையை எழுப்புவார்கள். போனை அணைத்துத்தான் மாட்டுவார்கள் என்பதால் பின் நம்பர் உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடியுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். கடையில் ‘ரீசெட் பண்ணாத்தான் சரியாகும்’ என்று சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த திரைக்கும் ரீசெட்டுக்கும் சம்பந்தமே இல்லை, படங்கள்தான் போகும்.

கேள்வி: ‘ஒரிஜினல்’ என்று சொல்லி மாற்றினார்கள். இப்போது திரைக்குள் இருந்த கைரேகை வேலை செய்யவில்லை. நிறம் வெளிறியிருக்கிறது. ஓரமும் கொஞ்சம் மேலே நிற்கிறது.
– வாசகர், திருப்பூர்

அமோலெட் இருந்த இடத்தில் எல்சிடி வந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் அதைத்தான் காட்டுகின்றன.

பெரும்பாலான போன்களில் திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்ஸர், ஒளியை வைத்து விரலைப் பார்க்கிறது. அமோலெட்டில் புள்ளிகளே ஒளிர்வதால் அவற்றின் இடுக்கு வழியாக அது பார்க்க முடியும். எல்சிடிக்குப் பின்னால் விளக்குத் தகடு இருப்பதால் சென்ஸரின் கண் மறைந்துவிடுகிறது. அந்தத் தகட்டின் தடிமன்தான் ஓரத்தைத் தூக்குகிறது. உறுதி செய்ய, முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து இருட்டில் பாருங்கள். அமோலெட் என்றால் திரை இருப்பதே தெரியாது. சாம்பல் நிறத்தில் மினுங்கினால் எல்சிடி.

நிறமும் ஓரமும் சரியாக இருந்து கைரேகை மட்டும் படுத்தினால் கதை வேறு. நல்ல டிஸ்ப்ளே போட்டாலும் பல மாடல்களில் சென்ஸரை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்து பாருங்கள். சரியாகாவிட்டால் கடையில் ‘ஃபிங்கர் காலிபிரேஷன்’ செய்யச் சொல்லுங்கள்.

‘ஒரிஜினலா?’ என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ‘ஆமாம்’ என்றுதான் வரும். ‘டிஎஃப்டியா, இன்செல்லா, ஓலெட்டா, சர்வீஸ் பேக்கா?’ என்று கேளுங்கள். டிஎஃப்டியும் இன்செல்லும் எல்சிடி வகைகள். ஓலெட் என்பது அமோலெட்டின் குடும்பம்; அந்தப் பெயரில் விற்பதில் வேறு கம்பெனிகள் செய்த மாற்றுப் பேனல்களும் உண்டு. சர்வீஸ் பேக் என்பது போன் கம்பெனியே தன் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் பெட்டி. பெரும்பாலும் ஃப்ரேமோடு வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். என்ன போட்டார்கள் என்பது பில்லில் ஒரு வார்த்தையாகவாவது இருக்கட்டும்.

கேள்வி: ஐபோன் 12-க்கு வெளியே டிஸ்ப்ளே மாற்றினேன். ‘தெரியாத பாகம்’ என்று செய்தி வருகிறது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் ட்ரூ டோனையும் காணோம். போனுக்கு ஆபத்தா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஆபத்தில்லை. ஐபோன் 11 முதல் டிஸ்ப்ளேவின் அடையாளத்தைப் போன் சரிபார்க்கிறது. லாக் ஸ்க்ரீனில் 4 நாள், செட்டிங்ஸில் 15 நாள் இந்தச் செய்தி நிற்கும். பிறகு ‘அபவுட்’ பக்கத்துக்குப் போய்விடும்.

ட்ரூ டோன் விவரம் பழைய டிஸ்ப்ளேவின் சிப்பில் இருக்கிறது. புரோகிராமர் கருவி உள்ள கடையில் அதைப் படித்துப் புதியதில் எழுத முடியும். அதனால்தான் உடைந்த டிஸ்ப்ளேவைக் கடையில் விட்டுவிட்டு வரக்கூடாது. காது ஸ்பீக்கர் பட்டையையும் பழையதிலிருந்து எடுத்துத்தான் மாட்டியிருக்க வேண்டும். உங்கள் மாடலில் முகம் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடி அதை நம்பித்தான் இருக்கிறது. அது வேலை செய்கிறதென்றால் மாட்டியவர் வேலை தெரிந்தவர்.

கேள்வி: வீடியோ பார்த்து நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். காம்போ ஆர்டர் செய்துவிட்டேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஃப்ரேமோடு வரும் காம்போவா, வெறும் காம்போவா? ஃப்ரேமோடு என்றால் போர்டு, பேட்டரி, ஸ்பீக்கர், வைப்ரேட்டர் எல்லாவற்றையும் புது வீட்டுக்குக் குடிமாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் உடைந்த திரையைச் சுரண்டும் வேலை இல்லை. வெறும் காம்போ என்றால் சுரண்டுவதுதான் முக்கால்வாசி வேலை.

சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு அணையுங்கள். சிம் ட்ரேயை உருவி எடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் பின் மூடியைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஸ்க்ரூக்களை ஒரு தாளில் போனின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால் போர்டின் தடம் அறுந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி கனெக்டரை பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றுங்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது டிஸ்ப்ளேவைக் கழற்றி மாட்டினால் பின்விளக்குச் சர்க்யூட் எரியும். அப்புறம் எத்தனை புது டிஸ்ப்ளே போட்டாலும் இருட்டுதான்.

புதியதை ஒட்டுவதற்கு முன்பே மாட்டி, அதன் பிறகு பேட்டரியை இணைத்து, போனை எழுப்பி, டச், வெளிச்சம், முன் கேமரா எல்லாம் பாருங்கள். பார்த்ததும் போனை அணைத்து, பேட்டரி கனெக்டரை மறுபடி கழற்றிவிடுங்கள். அதன் மேல் இருக்கும் பாதுகாப்புத் தாளைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் பழுதான காம்போவைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

பிறகு பழைய திரையை 70–80 டிகிரி சூட்டில் இளக்கி, மெல்லிய அட்டையால் கிளப்புங்கள். கண் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். பேட்டரி இருக்கும் பக்கம் உலோகக் கத்தி வேண்டாம். ஃப்ரேமில் ஒரு பொடிச் சில்லு தங்கினாலும் புதுத் திரையை அழுத்தும்போது அந்த இடத்திலேயே விரிசல் விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஓரம் முழுக்கத் துடைத்து, விரலால் தடவாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பசைக்கு பி-7000. ஓரத்தில் 1 மில்லிமீட்டர் அகலக் கோடு போதும். சில நிமிடம் காய விட்டுத் திரையை வைத்து, ரப்பர் பேண்டோ கிளிப்போ போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கிளிப் அதிகம் இறுகினால் எல்சிடியில் வெள்ளைத் திட்டு விழும். ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி உள்ளே வெள்ளையாகப் படியும், அடுத்த முறை திறக்கவும் முடியாது.

ஓரம் வளைந்த அமோலெட் என்றால் மட்டும், காம்போவைக் கடையில் கொடுத்துக் கூலி தந்துவிடுங்கள்.

கேள்வி: திரை மாற்றிய பிறகு, கால் பேசும்போது இருண்ட திரை திரும்ப எழவே மாட்டேன் என்கிறது. டிஸ்ப்ளே மறுபடி கெட்டுவிட்டதா?
– வாசகி, புதுச்சேரி

இல்லை. காதருகே கொண்டுபோனால் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்ஸரின் மேல் பசை வழிந்திருக்கும், அல்லது அதன் சின்ன ரப்பர் உறையைத் திரும்ப வைக்க மறந்திருப்பார்கள். டெம்பர்டு கிளாஸை எடுத்துவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் மாற்றிய கடையிலேயே திறந்து துடைக்கச் சொல்லுங்கள். இதற்குத் தனியாகக் காசு கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று, மாற்றிய பின் மழையில் நனைக்காதீர்கள். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், ஒருமுறை திறந்த போனை நீர் புகாத போன் என்று நம்பக்கூடாது.

கேள்வி: போன் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. வாரண்டியில் திரை மாற்றித் தருவார்களா? கடைக்குக் கொடுக்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

விழுந்து உடைந்ததற்கு வாரண்டி கிடையாது. விழாமலே கோடு வந்தால் உண்டு. சில கம்பெனிகள் பச்சைக் கோடு விழுந்த சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் மாற்றித் தந்திருக்கின்றன. அதனால் கேட்காமல் விடாதீர்கள். ஸ்க்ரீன் பாதுகாப்புத் திட்டம் தனியாக எடுத்திருந்தால், ரிப்பேருக்கு முன்பே அவர்களிடம் தகவல் சொல்லுங்கள். வெளியே மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால் பெரும்பாலும் நிராகரிப்பார்கள்.

கொடுக்கும் முன் *#06# டயல் செய்து, போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். புதிய சாம்சங் போனில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. ஆன் செய்தால் உங்கள் படங்களும் கணக்குகளும் மெக்கானிக்குக் கண்ணில் படாது, அவர் சோதித்துப் பார்க்கவும் முடியும். அது இல்லாத போனில், சோதிக்கும்போது நீங்கள் எதிரே நின்றால் போதும்.

பில்லில் டிஸ்ப்ளே வகையும் எத்தனை நாள் கேரண்டி என்பதும் எழுதி வாங்குங்கள். கேரண்டி பெரும்பாலும் டச், கோடு ஆகியவற்றுக்குத்தான், மறுபடி உடைந்தால் பொருந்தாது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.