75-ஐ 95 ஆக்கினால் கியர் பாக்ஸ் தாங்குமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறேன். என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கிளட்ச் இன்னும் மாற்றவில்லை. காரைக்குடியில் பழக்கமான கார் புரோக்கர் ஒருவர், "மதுரையில் ஆள் இருக்கிறார். ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதினால், 75 பிஎஸ் 95 ஆகிவிடும், டார்க் 190-லிருந்து 240 ஆகிவிடும். வேறு எதையும் தொட வேண்டாம்" என்கிறார். கம்பெனி கொடுத்த கிளட்ச், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் தாங்குமா?

பதில்: 95-ஐத் தாங்கும். 240-ஐ உங்கள் கிளட்ச் தாங்காது. இரண்டும் ஒரே விஷயம் போலத் தெரியும், ஆனால் இல்லை. புரோக்கருக்குப் பிழைப்பே இந்தக் குழப்பம்தான்.

கிளட்ச், கியர், ஆக்ஸில் ஆகியவற்றுக்குக் குதிரைத்திறன் (பிஎஸ்) தெரியாது. அவற்றை முறுக்குவது டார்க், அதாவது முறுக்குவிசை. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதால்) பெருக்கி, ஏறக்குறைய 7,000-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். இந்தக் கணக்கு ஒன்று போதும். உங்கள் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்த இடத்தில் பவர் வெறும் 54 பிஎஸ். முழு 75 பிஎஸ் வருவது 4,000 ஆர்பிஎம்மில். அங்கே டார்க் 131-தான். அதாவது எஞ்சின் அலறும்போது கியர் பாக்ஸ் நிம்மதியாக இருக்கிறது. சத்தமே இல்லாமல் 2,000-த்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதுதான் அதற்குப் பாரம் அதிகம்.

இதையே திருப்பிப் பாருங்கள். 4,000 ஆர்பிஎம்மில் 95 பிஎஸ் வேண்டுமென்றால் 166 நியூட்டன் மீட்டர் போதும். தினமும் 190-ஐச் சுமக்கும் கியர் பாக்ஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 2,000-த்தில் 240 என்றால் 50 கூடுகிறது. சிறிய கார்களில் முதல் கியரில் இது சுமார் 12 மடங்காகப் பெருகித்தான் ஆக்ஸிலுக்குப் போகும். 50 அங்கே 600.

அப்புறம் ஏன் எல்லாரும் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கை ஏற்றித் தருகிறார்கள்? ஓட்டிப் பார்க்கும்போது சீட்டோடு முதுகு ஒட்ட வேண்டும், அதற்காகத்தான். திருமயம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் காசு கைமாறிவிடும். கிளட்ச் போவது ஆறு மாதம் கழித்து. அப்போது அவர் போனை எடுப்பாரா என்ன!

இன்னொரு வசனமும் வரும். "இதே எஞ்சின் சியாஸிலும் எஸ்எக்ஸ்4-லும் 90 பிஎஸ் தருகிறது சார், உங்களுக்குக் கம்பெனி பூட்டு போட்டு வைத்திருக்கிறது." பாதி உண்மை என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எஞ்சின் அதே 1.3 லிட்டர் ஃபியட் டீசல்தான். ஆனால் அந்த 90 பிஎஸ் வண்டியில் இருக்கும் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி) வேறு, இறக்கையின் கோணம் மாறுகிற வகை. உங்களுடையது கோணம் மாறாத சாதாரண டர்போ. சாஃப்ட்வேரில் எதை எழுதினாலும் டர்போ மாறாது. அதைவிட முக்கியமானது, அந்த 90 பிஎஸ் வண்டியின் டார்க் எவ்வளவு தெரியுமா? 200. பதினைந்து குதிரையை ஏற்றிய கம்பெனியே டார்க்கில் பத்துதான் கூட்டியிருக்கிறது. எஞ்சினைத் தயாரித்தவர்கள் பத்தோடு நிறுத்திக்கொண்ட இடத்தில், லேப்டாப்போடு வருகிறவர் ஐம்பது கூட்டுகிறேன் என்கிறார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள், பதில் வராது.

டர்போ இல்லாத பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கவலைப்பட வேண்டாம். ரீமேப்பில் உங்களுக்கு ஏறுவதே சொற்பம். ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டி) வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள்.

உங்கள் கிளட்ச்சைச் சோதிக்கும் வழி எளிது. வேறு வண்டி இல்லாத நேரான சாலையில், எஞ்சின் சூடான பிறகு, நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் விருட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இப்போதே வழுக்கினால் ரீமேப் பேச்சே வேண்டாம், முதலில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். வழுக்காவிட்டாலும் 1,30,000 ஓடிய பிளேட்டில் மிச்சம் அதிகம் இருக்காது. கல்யாணச் சாமானை மேலே கட்டிக்கொண்டு, திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு ஐந்து பேரை ஏற்றி வரும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

"ரேஸ் கிளட்ச் போட்டுவிடலாம்" என்று ஆள் மாற்றி ஆள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கிளட்ச் வழுக்குவது வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரி. அதை வழுக்காமல் செய்துவிட்டால் அடுத்து உடைவது கியர் பல், அல்லது டிஃபரன்ஷியல், அல்லது ஆக்ஸிலைச் சக்கரத்தோடு இணைக்கும் சிவி ஜாயின்ட். சிவி ஜாயின்ட்டையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அது ஏற்கெனவே தேய்ந்தது. ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால், செம்மண் புழுதி உள்ளே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சைலன்சர் சத்தத்தைப் பிடிப்பவர்கள் சாஃப்ட்வேரைப் பார்ப்பதில்லை. குழாயை நுழைக்காமலே புகைச் சான்றிதழ் அச்சடிக்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தால் கதை வேறு. சொல்லாமல் மறைத்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். புரோக்கர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடத்தில்) செருகும் மலிவான டப்பா வேண்டவே வேண்டாம். பலவற்றைத் திறந்து பார்த்தால் மினுக்கும் விளக்கைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது.

என்னைக் கேட்டால், கிளட்ச்சை மாற்றி, இன்ஜெக்டரைச் சோதித்து, அப்படியே ஓட்டுங்கள். இதையெல்லாம் மீறியும் செய்வதென்றால், வண்டியை டைனோவில் (பவரையும் டார்க்கையும் அளக்கும் மெஷினில்) ஏற்றி, ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த கிராஃப் கேளுங்கள். 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் டார்க் கோடு 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஏற்றமெல்லாம் 3,000-த்துக்கு மேல்தான். கம்பெனியின் ஒரிஜினல் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.