புது நோட்டுச் சேகரிப்பு: நட்சத்திரம், கையெழுத்து, இஸ்திரிப் பெட்டி

*ரிசர்வ் வங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா கையெழுத்துடன் வரும் நோட்டுகளில் வேறென்ன மாற்றம்? பழையவை செல்லுமா?*

கையெழுத்து மட்டும்தான். பின்பக்கப் படம் ஐம்பதில் அதே ஹம்பி, நூறில் அதே ராணி கி வாவ். முந்தைய கவர்னர்கள் சக்திகாந்த தாஸ், உர்ஜித் படேல் கையெழுத்திட்ட நோட்டுகள் தாராளமாகச் செல்லும்.

*வரிசை எண்ணில் இலக்கங்கள் போகப்போகப் பெரிதாகின்றன. பிழை நோட்டா?*

இல்லை. 2015 முதல் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். ப்ரீஃபிக்ஸ், அதாவது எண்ணின் முதல் மூன்று எழுத்து-இலக்கங்கள், ஒரே அளவில் நிற்கும், அடுத்த ஆறு இலக்கமும் வளரும். சட்டைப்பையில் இருந்த இன்னொரு நோட்டை எடுத்துப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தபால் செலவு மிச்சம்.

*ஸ்டார் நோட்டு கிடைத்திருக்கிறது. என்ன விலை போகும்?*

ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். பத்தா ஐந்நூறா, எந்த ஆண்டு, யார் கையெழுத்து, எண்ணின் பின்னால் மங்கலாக இருக்கும் இன்செட் எழுத்து என்ன என்று ஒருவர்கூட முழுதாக எழுதவில்லை. போட்டோ அனுப்பியவரும் காந்தி பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார். ஆண்டு இருப்பது பின்பக்கம் ஐயா!

நூறு நோட்டுக் கட்டில் ஒன்று அச்சில் பழுதானால் அதன் இடத்தில் வைக்கும், வரிசை எண்ணில் நட்சத்திரக் குறி போட்ட மாற்று நோட்டுதான் இது. 2006-இல் பத்து, இருபது, ஐம்பதில் தொடங்கி, 2016-இல் புது ஐந்நூறுக்கும் வந்தது. 2023-இல் இதைக் கள்ள நோட்டு என்று கிளப்பிவிட்டார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோ போடுகிறார்கள். நட்சத்திரம் இருந்துவிட்டால் மட்டும் எந்த நோட்டும் அபூர்வமாகிவிடாது. கசங்கிய பத்து ரூபாய் ஸ்டார் நோட்டு, என்னைக் கேட்டால், டீ குடிக்கத்தான் ஆகும்.

லென்ஸை எடுத்து எண்ணின் பின்னால் பாருங்கள். ஏ, ஈ, எல், ஆர் என்று ஏதாவது எழுத்து மங்கலாகத் தெரியும். சிலவற்றில் எதுவும் இருக்காது. ஒரே கவர்னர், ஒரே ஆண்டு என்றாலும் எழுத்து மாறினால் அது வேறு ரகம். விலை அதைப் பொறுத்தது, அப்புறம் நோட்டு யூஎன்சியா, அதாவது புழங்காத புத்தம்புதுசா என்பதைப் பொறுத்தது. விற்றுத் தருகிறேன், முதலில் வரி கட்டு, கமிஷன் கட்டு என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கேட்பவன் மோசடிக்காரன். இதை வங்கி 2021-லேயே எச்சரித்துவிட்டது. நானும் மாதாமாதம் சொல்கிறேன்.

*பழைய 500, 1000 நோட்டுகள் ஒரு கட்டு இருக்கிறது. சேகரிப்பில் வைக்கலாமா?*

கட்டா? 2017 சட்டப்படி மொத்தம் 10 நோட்டுதான். நாணயவியல், ஆய்வு என்றால் 25. மீறினால் அபராதம், முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை போகலாம்.

*மடிப்பு போக இஸ்திரி போடலாமா?*

கூடவே கூடாது. ஐந்நூறின் ஓரத்தில் ஐந்து கோடுகள் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். அது இன்டாக்லியோ அச்சு. சூட்டில் அமுங்கிப்போனால் திரும்பாது, வாங்குபவர் தடவிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பிவிசி உறையும் வேண்டாம். லேமினேஷன் செய்தவர்கள் எனக்கு எழுதவே வேண்டாம்.

*புது ஒரு ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்தைக் காணோமே?*

அது மத்திய அரசு வெளியிடுவது. நிதிச் செயலர்தான் கையெழுத்துப் போடுவார். 1994-இல் நிறுத்தி 2015-இல் மறுபடி விட்டபோதும் அப்படித்தான்.