மாலத்தீவு மாதிரி சிதறிக் கிடக்கும் தீவு நாட்டில் கால்பந்தை எப்படி நிர்வகிப்பது? லீக் ஏன் தலைநகரிலேயே முடங்குகிறது?

முடங்குவதற்குப் பயணச் செலவுதான் காரணம். மைதானம், பயிற்சியாளர் எல்லாம் அதற்குப் பிறகு வரும் பிரச்சினைகள்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். ஆட்கள் குடியிருப்பவை 190-க்கும் குறைவு. வடகோடிக்கும் தென்கோடிக்கும் 800 கி.மீ.க்கு மேல். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் தலைநகர் மாலே வட்டாரத்தில் வசிக்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை: 2008, 2018 இரண்டு முறையும் இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கோப்பையைத் தூக்கினார்கள். 2017-இல் நாட்டின் முதல்நிலைப் போட்டியான திவேஹி பிரீமியர் லீக்கில் ஃபோகைதூ, நிலந்தூ போன்ற வெளித்தீவு அணிகளும் ஆடின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டு அணிகள் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலும் ஆடினால் 56 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் ஏழு வெளியூர்ப் பயணம். 25 பேருக்கு ஸ்பீட்போட் வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று ஏழு முறை கொடுத்தால் சின்னத் தீவு கிளப்புக்கு ஒரே சீசனில் கையைக் கடிக்கும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது போட்டியின் வடிவம். 20 அட்டோல்களை, அதாவது பவளத்தீவுக் கூட்டங்களை, ஐந்தைந்தாக நான்கு மண்டலமாகப் பிரித்துவிடுங்கள்; அட்டோலுக்கு ஓர் அணி. ஒவ்வொரு மண்டலத்தின் ஐந்து அணிகளும் ஒரே தீவுக்கு வரட்டும். ஐந்து சுற்று, 10 ஆட்டம். சுற்றுக்கு நடுவே ஒருநாள் ஓய்வு விட்டால் 9 நாளில் முடியும். நான்கு மண்டலத்துக்கும் 40 ஆட்டம், பிறகு நான்கு வெற்றியாளர்களுக்குள் 6 ஆட்டம். ஓர் அணிக்கு அதிகபட்சம் இரண்டே பயணம். தீவில் 125 பேரைத் தங்கவைக்கப் பள்ளிக் கட்டடம் தேவைப்படும், அதனால் பள்ளி விடுமுறையில்தான் நடத்த முடியும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் அட்டோல்களுக்கு இடையிலான அகலமான கால்வாய்களைப் படகில் கடக்கும்படி அட்டவணை போடாதீர்கள். கடல் விமானமும் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலை ஆட்டம் முடித்து அன்றே திரும்பலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

பணம் எங்கே சிக்குகிறது என்றால், 'கிளப் முதலில் செலவழிக்கட்டும், பில்லைக் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்' என்று கால்பந்துச் சங்கம் சொல்லும் முறையில். சின்ன கிளப்பிடம் முன்பணம் ஏது? பயணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, படகுக்காரருக்கு நேரடிப் பட்டுவாடா என்று வைப்பதே சரி. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஃபார்வர்ட் என்ற நிதியுதவித் திட்டம் 2023–26 காலத்துக்கு ஒரு நாட்டுச் சங்கத்துக்கு நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 50 லட்சம் டாலரும், திட்டப்பணிகளுக்கு 30 லட்சம் டாலரும் ஒதுக்குகிறது. தணிக்கை சரியில்லையென்றால் இந்தப் பணக்குழாய் அடைபடும். 2024-இல் மாலத்தீவுச் சங்க நிர்வாகத்தை ஃபிஃபா நியமித்த சீரமைப்புக் குழு ஏற்றது. இப்படித் தலைமை கலையும்போது தலைநகர் கிளப்களுக்கு ஸ்பான்சராவது இருக்கும். வெளித்தீவின் வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கு அதுவும் இல்லை.

ஓட்டுரிமையும் இதே கதை. சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு கிளப்புக்கு ஓர் ஓட்டு என்றால் தலைநகர் கை ஓங்கும். மண்டலச் சங்கங்களுக்கும் நடுவர்களுக்கும் பெண்கள் கால்பந்துக்கும் தனித்தனி ஓட்டு தருவதை விதிமுறையிலேயே எழுதிவிட வேண்டும். தீவிலிருந்து மாலே கிளப்புக்குப் போகும் சிறுவனுக்காக, அவனை வளர்த்த கிளப்புக்குப் புது கிளப் தர வேண்டிய பயிற்சி இழப்பீடு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் வளர்த்த கிளப்புக்குக் கைதட்டல் மட்டும்தான் மிஞ்சும்.

மைதானம் கடைசி. பவளத்தீவில் நிலத்தடி நீர் ஒன்றிரண்டு மீட்டரிலேயே கிடைக்கும், ஆனால் மெல்லிய நன்னீர்ப் படலம் அது. புல்லுக்கு அதிகமாக இறைத்தால் உப்பேறும். செயற்கைப் புல் போட்டால் முழு மைதானத்துக்கு மணலும் ரப்பர் துகளும் மட்டுமே 200 டன் அளவில் தேவை. கப்பல் கூலியை மிச்சப்படுத்தக் கரையோர மணலைக் கொட்டிவிடாதீர்கள்: அது சுண்ணாம்பு மணல், பொடிந்து இறுகி வடிகாலை அடைத்துவிடும். உருண்டையான சிலிக்கா மணல்தான் வேண்டும். கோல் கம்பம் அலுமினியம், போல்ட் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்; சாதா இரும்பை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிடும். உச்சிவெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும், ஆகவே மாலை நான்கு மணிக்கு முன் ஆட்டம் வைக்காதீர்கள்.

நடுவர்கள் மண்டலத்துக்கு ஆறு பேராவது வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு துணை நடுவர், நான்காம் நடுவர் என்று நான்கு பேர்; ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு எட்டு இடம் நிரப்ப வேண்டும். இரண்டு பேர் மற்ற ஆட்டத்தில் நான்காம் நடுவராக நின்றால் ஆறு பேரே போதும். அவர்களுக்கான பயிற்சியை மாலேயில் வைத்தால் வேலையை விட்டு யாரும் வரமாட்டார்கள், பயிற்றுநரைத்தான் மண்டலத்துக்கு அனுப்ப வேண்டும்.