பூசணி இலையைத் தின்னும் வண்டுக்கு மருந்தடிக்காமல், அதைத் தின்னும் பூச்சி ஏதும் உண்டா?

மிளகு ஏற்றிய சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) மரங்களுக்கு இடையில் பூசணி போட்டிருக்கிறேன், ஆரஞ்சு நிற வண்டு இலையைச் சல்லடையாக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தின்னும் பூச்சி உண்டு. அனேகமாக உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். பார்த்தால் நல்ல பூச்சி என்று தோன்றாது, அதுதான் சிக்கல்.

புசல்லாவையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சிவப்பும் கறுப்புமாக, நீளக் கால்களோடு ஒரு பூச்சி பூசணி இலையில் திரியும். இதுவும் இலை தின்னும் கூட்டம் என்று நினைத்து வண்டோடு சேர்த்து நசுக்கிவந்தேன். ஒருநாள் காலை, பனி காயுமுன் இலையைத் திருப்பினால், அது ஒரு வண்டைக் கட்டிப்பிடித்து, ஊசி போன்ற வாயை அதன் கழுத்து மடிப்பில் இறக்கியபடி அசையாமல் நிற்கிறது. குந்தியிருந்து பார்த்தேன். வெகுநேரம் கழித்து அது விட்டதும் வண்டு சருகாகக் கீழே விழுந்தது. அதுவரை எத்தனையைக் கொன்றிருப்பேன் என்று நினைக்க மனம் கஷ்டப்பட்டது.

அது கொலைகார நாவாய்ப் பூச்சி. விஞ்ஞானப் பெயர் ரைனோகோரிஸ் பியூசிப்பஸ். கையால் பிடிக்காதீர்கள், குத்தினால் நன்றாக வலிக்கும்.

வேறு நாட்டிலும் இப்படித்தான். ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் மண்ணுக்கு வளம் சேர்க்க நடும் சித்தகத்தியை மெசோபிளாட்டிஸ் என்ற இலை வண்டு மொட்டையடிக்கும். அங்கேயும் அந்த வண்டை வேட்டையாடுவதில் இதே வகை நாவாய்ப் பூச்சிகள் உண்டு, எறும்பும் உண்டு.

மருந்தடித்தால் முதலில் போவது இவைதான். நம் இலங்கைத் தேயிலையிலேயே நடந்த கதை இது. இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கியது. பிறகு, கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்ததில் குளவி செத்து, புழு திரும்பப் பெருகியது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பூசணி வண்டு முட்டையிடுவது செடியடி மண்ணில். புழு வேரைத் தின்னும். அதனால் சீமைக்கிளுவைத் தழையை எரிக்காமல் வரிசைக்கு இடையில் பரப்புங்கள், அவற்றைத் தின்னும் எறும்பும் தரை வண்டும் அங்கே தங்கும். நாற்று சின்னதாக இருக்கும்போது இவற்றை நம்பி விடாதீர்கள், இரண்டிலைப் பருவத்தில் வண்டு ஒரே நாளில் முடித்துவிடும். நாலைந்து இலை வரும்வரை வலை போட்டு மூடுங்கள். அப்புறம், விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும். பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். சிவப்புக் கறுப்புப் பூச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.