குத்துச்சண்டையில் ‘ஜர்னிமேன்’ என்பவர் யார்? தோற்றுக்கொண்டே இருப்பவரை ஏன் கூப்பிடுகிறார்கள்?

எந்த ஊரில் கூப்பிட்டாலும், கடைசி நேரத்தில்கூட வந்து மோதி, பெரும்பாலும் தோற்றுவிட்டுப் போகும் தொழில்முறை வீரர்தான் ஜர்னிமேன். டிக்கெட் விற்பது உள்ளூர் இளம் வீரரின் பெயரால். அவர் பல சுற்றுகள் ஆடித் தேற ஒரு விவரமான எதிராளி வேண்டும். அதற்குத்தான் இவருக்குக் காசு. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் புதுசாகச் சேர்ந்த கபடிப் பசங்களைப் பழம் தின்று கொட்டை போட்ட சீனியரோடு மோதவிடுவது மாதிரி.

நாக் அவுட் ஆனால் கட்டாய மருத்துவ ஓய்வு, அப்புறம் சில வாரம் வருமானம் கிடையாது. அதனால் முகத்தை மூடி, கட்டிப்பிடித்து, மணி அடிக்கும்வரை தாக்குப்பிடிப்பதில் இவர்கள் கில்லாடிகள். (என் கண்ணுக்கு அதுவே தனிக் கலை.)

பிரிட்டனின் பீட்டர் பக்லி 300 சண்டைகளில் 256 தோற்றார். ‘காசு வாங்கிக்கொண்டு விழுந்தவர்’ என்று நினைத்துவிடாதீர்கள்: அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடைசிச் சுற்றுவரை நின்று, புள்ளிக் கணக்கில் தோற்றவை.